வாட்லிங் வீட்டுப் பசி

அந்த வீட்டில் எறும்பே இல்லை.

வேலைக்குச் சேர்ந்து சில நாட்களுக்குப் பிறகுதான் சரோஜினிதேவிக்கு அது உறைத்தது. வீட்டுக்காரியின் தேநீருக்குச் சீனி போடும்போது கை தவறி ஒரு கரண்டிச் சீனி தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் சிந்திவிட்டது. பிறகு துடைக்கலாம் என்று விட்டவள் மறந்துபோனாள். மறுநாள் வந்து பார்த்தபோது சீனி சிந்தியபடியே கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் கிடந்தது. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு அவ்வளவு கிட்ட, ஒல்லாந்தர் காலத்து மரமும் ஓடுமாக நின்ற ஒரு பழைய வீட்டில், மேசையில் சிந்திய சீனியை ஓர் எறும்பும் தேடி வரவில்லை. அதன் பிறகு அவள் மூலை முடுக்கெல்லாம் பார்க்கத் தொடங்கினாள். கரப்பான் இல்லை. பல்லி இல்லை. எலிப் புழுக்கை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இலையான்கள் வாசற்படி வரை பறந்து வந்து, அங்கேயே சுற்றிவிட்டு, வெளியே போயின.

சாப்பாடு இல்லாத வீடென்றால் அதில் அதிசயமில்லை. இந்த வீட்டில் நாள் முழுக்கச் சாப்பாடுதான்.

வீட்டுக்காரி மிஸ் வாட்லிங். அயர்லாந்தில் பிறந்த வெள்ளைக்காரி, வயது எழுபதை நெருங்கியிருந்தது. தம்பி ஹென்றி தேயிலைத் தோட்டம் வைத்திருந்த காலத்தில் இலங்கைக்கு வந்து, அவன் காய்ச்சலில் செத்த பிறகும் ஊர் திரும்பாமல் கொழும்பிலேயே தங்கிவிட்டவள். தன் குடும்பத்தின் வம்ச மரத்தை முதல் வேரிலிருந்து கடைசிக் கிளை வரை எழுதுவிக்கவேண்டும், அதற்கு ஆங்கிலச் சுருக்கெழுத்துத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று தேடினாள். மருதானையில் சுருக்கெழுத்துப் படித்துவிட்டு, வெள்ளவத்தையில் தமையன் யோகநாதனின் வீட்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த சரோஜினிதேவிக்கு அந்த வேலை கிடைத்தது.

"வெள்ளைக்காரியின்ர வீடு. மரியாதையான வேலை. வேறென்ன வேணும்?" என்றான் யோகநாதன்.

அந்த வீட்டில் அடித்த மணத்தைப் பற்றி அவனிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் சாக்கோடு மறந்துபோன உருளைக்கிழங்கு உள்ளுக்குள்ளே அழுகி, கறுப்புத் தண்ணீராகக் கசியும்போது வரும் மணம் அது. இனிப்பும் பிண வாடையும் கலந்தது. முன்கூடத்தில் மெல்லியதாக இருக்கும். சாப்பாட்டு மேசைக்குக் கிட்டப் போகப் போகத் தடிக்கும். மிஸ் வாட்லிங் வாயைத் திறந்து பேசும்போது முகத்தில் ஈரத்துணிபோல வந்து ஒட்டும்.

அவள் பேசுவதெல்லாம் சாப்பிட்டபடியேதான். மூலை வீதியிலிருந்த ஸவாஹிர் நானாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து அடுக்குச்சட்டிகள் வந்தபடி இருக்கும். சோறு, ஆட்டிறைச்சி, ஈரல் பொரியல், கோதுமைப் பாண், மறுபடி சோறு. அவளுக்கு எஞ்சியிருந்த பற்கள் சில. அவற்றால் ஒவ்வொரு வாயையும் நெடுநேரம் அரைப்பாள். உதடுகளுக்கிடையில் சாம்பல் நிறக் கூழ் தெரியும், நாக்கு அதைப் புரட்டும், ஓரத்தில் வழிவதைச் சுண்டுவிரலால் வழித்து உள்ளே தள்ளுவாள். விழுங்கியதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்கும். வறண்ட கிணற்றில் எதையோ போட்டதுபோல, சற்றுத் தாமதித்து, ஆழத்தில். இவ்வளவு உண்டும் அவள் கைகள் விளக்குமாற்றுக் குச்சிபோல இருந்தன. சட்டைக் கழுத்துக்குள் எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடியபடி நின்றன.

சட்டி காலியானதும் ஆங்கிலம் போய்விடும். தோட்டத்தில் கற்ற தமிழில் உள்ளே பார்த்துக் கத்துவாள்.

"இன்னுங் கொண்டா!"

உள்ளே யாரும் இல்லை. வேலைக்காரர்கள் எப்போதோ விட்டுப் போயிருந்தார்கள். ஸவாஹிர் நானா அடுக்குச்சட்டியைப் படியில் வைத்துவிட்டு மணியடிப்பார். அதை எடுத்து வருவது சரோஜினிதேவியின் வேலையாகிவிட்டது.

"உள்ளுக்கு வந்து வச்சால் என்ன, நானா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அந்த ஊட்டுக்குள்ள நான் போற இல்ல, மிஸ்." அவர் தொப்பியைச் சரிசெய்தபடி வேறெங்கோ பார்த்தார். "திரும்பி வார சட்டிய எங்கட கடைப் பூனைகூட மோந்து பாக்குதில்ல. நீங்களும் அங்க ஒண்டும் வாயில வைக்க வாணாம்."

அவள் வைப்பதில்லை. வைக்கவும் முடியாது. மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த றோஸியின் வீட்டுக்குப் போய்விடுவாள். றோஸி சட்டை தைப்பவள். சரோஜினிதேவியின் சட்டைக் கையை ஒருநாள் சரிசெய்து கொடுத்ததில் தொடங்கிய பழக்கம். புருஷன் கிளெமென்ற் துறைமுகத்தில் வேலை. போனால் இரவில்தான் வருவான். பிறந்து சில மாதமேயான டொமினிக் தொட்டிலில் கிடந்து கால்களை உதைப்பான். சவர்க்காரமும் பாலும் புதுத்துணியும் மணக்கும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தால்தான் சரோஜினிதேவிக்குத் தொண்டை திறக்கும்.

வம்ச மரம் மெல்ல மெல்ல வளர்ந்தது. மிஸ் வாட்லிங்குக்குத் தன் முன்னோர்களின் பிறந்த தேதிகள் சரியாக நினைவில்லை. அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பதுதான் நினைவிருந்தது. முதலாவது வாட்லிங் இங்கிலாந்திலிருந்து படையோடு போன குதிரைவீரன். போர் முடிந்ததும் மேற்கு அயர்லாந்தில் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் அவனுக்குக் கொடுத்தார்கள். அங்கே இருந்த சனங்களைக் கடற்கரைக் கற்பாறைகளுக்கு விரட்டிவிட்டு, அவர்களுடைய குடிசைக் கற்களைப் பிடுங்கித் தன் மதிலைக் கட்டினான். அந்த மதில் எழும்பி முடிந்த அன்று அவர்களுடைய கடைசிப் பசுவைத்தான் சுட்டுத் தின்றான். அவன் மகன் வாத்து ஈரலில் பிரியமுள்ளவன். பேரனுக்குச் சால்மன் மீன். தன் ஆற்றில் மீன் பிடித்த இரண்டு பேரை வாசல் மரத்தில் தூக்கிவிட்டு அந்த மீனையே இரவுக்குச் சமைக்கச் சொன்னான். அங்கே கட்டிய வீட்டுக்குக் கில்டாரன் என்று பெயர் வைத்தார்கள்.

இதையெல்லாம் அவள் பெருமையோடு சொல்லவில்லை, வெட்கத்தோடும் சொல்லவில்லை. பாட்டனின் பெயரைச் சொல்லும்போது வாயில் எச்சில் ஊறிப் பேச்சுக் குழறியது. சரோஜினிதேவி தலையைக் குனிந்து எழுதினாள். தாளில் ஒரு துளி வந்து விழுந்தது. கைக்குட்டையால் ஒற்றினாள். கைக்குட்டையை அன்று வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தெருவோரக் கழிவுக் கானில் எறிந்தாள்.

ஒரு மழைநாளில் வம்ச மரம் அயர்லாந்தின் பஞ்ச காலத்துக்கு வந்தது. வானம் கறுத்து, பகலிலேயே விளக்கு ஏற்றவேண்டியிருந்தது. கேகாலைப் பக்கம் மலேரியாவில் சனம் விழுந்து செத்துக்கொண்டிருந்த வருடம் அது. பத்திரிகை நிறைய அந்தச் செய்திதான். மிஸ் வாட்லிங் பத்திரிகையைத் தட்டுக்குக் கீழே விரித்துக்கொண்டு எலும்பு உறிஞ்சினாள்.

"உருளைக்கிழங்கு ஒரே இரவில் மண்ணுக்குள் அழுகியது," என்றாள். "சனத்துக்கு வேறு சாப்பாடு இல்லை. தானியம் இருந்தது. அது எங்களுடையது, கப்பலுக்குப் போகவேண்டியது. சனம் புல்லைத் தின்றது. வாயெல்லாம் பச்சை. எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பாட்டன் யன்னலைத் திறந்துவைத்து, எல்லா விளக்கையும் ஏற்றிச் சாப்பிட்டார். பார்க்கட்டும் என்றார்."

எலும்பைத் திருப்பினாள்.

"ஒருத்தி உள்ளே வந்துவிட்டாள். எப்படி வந்தாள் என்று தெரியாது. அவள் கையில் ஒரு பிள்ளை இருந்தது, அது செத்திருந்தது. என் அப்பா அப்போது கைக்குழந்தை, தாதியின் மடியில். அவள் அவரையே பார்த்தாள். பிறகு தன் வாயில் அரைத்துக்கொண்டிருந்த புல்லை விரலால் எடுத்து, அப்பாவின் வாய்க்குள் வைத்தாள். நன்றாக உள்ளே, தொண்டை வரை. அவ்வளவுதான். படியிலேயே விழுந்து செத்துப்போனாள்."

"பிறகு?" சரோஜினிதேவிக்குத் தன் குரலே வேறாகக் கேட்டது.

"பிறகு அப்பாவுக்கு ஒருநாளும் வயிறு நிறையவில்லை." கிழவி சிரித்தாள். பற்களுக்கிடையில் இறைச்சி நார் தொங்கியது. "இன்னுங் கொண்டா!"

அன்று சரோஜினிதேவி ட்ராமில் ஏறவில்லை. மழையில் நனைந்தபடி புறக்கோட்டை வரை நடந்தாள். ஒரு பஞ்சத்துக் கதையாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். பசியில் புத்தி பேதலித்த ஒரு தாய், பயந்துபோன ஒரு குடும்பம். வீட்டில் அண்ணி சோறு போட்டபோது பக்கத்தில் தமையன் மெல்லும் சத்தம் கேட்டது. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

கடைசிக் கிளைக்கு வந்தபோது மிஸ் வாட்லிங் ஒரு விஷயம் சொன்னாள். "வாட்லிங் பிள்ளைகள் எல்லாரும் பல்லோடு பிறப்பார்கள். கீழே இரண்டு. நானும் அப்படி, ஹென்றியும் அப்படி. அவன் தன் தோட்டத்துக்கும் கில்டாரன் என்றுதான் பெயர் வைத்தான். அங்கே யாரோ ஒரு கூலிக்காரியோடு இருந்தானாம். பிள்ளை ஏதும் பிறந்ததா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை."

சரோஜினிதேவியின் பென்சில் நின்றது.

டொமினிக் பல்லோடு பிறந்தவன். ஒழுங்கை முழுக்க அதைத்தான் கதைத்தார்கள். மருத்துவிச்சி சிலுவை போட்டுக்கொண்டாளாம். "என்ட அம்மாவும் அப்பிடித்தானாம், அக்கா," என்று றோஸி சிரித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் தாய் மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, கன்னியாஸ்திரிகளின் மடத்தில் வளர்ந்தவள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே கேட்டாள்.

"றோஸி, உன்ர அம்மா பிறந்த தோட்டத்துக்கு என்ன பேர்?"

"கில்டாரன். ஏன், அக்கா?"

சரோஜினிதேவி எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாவற்றையும் என்றால், ஹென்றியைப் பற்றி, வீட்டைப் பற்றி, வாரிசு இல்லாததைப் பற்றி. புல்லைப் பற்றிச் சொல்லவில்லை. பால் கொடுக்கிற பெண்ணிடம் அதை எதற்குச் சொல்வது என்று நினைத்தாள்.

றோஸி தையல் மெசினை நிறுத்தினாள்.

"வீடு வாசல் எங்களுக்கு வாணாம், அக்கா. கிளெமென்ற்டயும் கேட்டுப் பாருங்க, அதையேதான் சொல்லுவார். ஆனா அம்மா சாகும்வரைக்கும் தகப்பன் பேர் கேட்டால் தலையக் குனிஞ்சாங்க." அவள் கண்களைத் துடைத்தாள். "அந்த மரத்தில அம்மாட பேரை எழுதுவாங்களா?"

"எழுதுறது நான்தானே," என்றாள் சரோஜினிதேவி. "ஓம், எழுதுவன்."

மிஸ் வாட்லிங்கிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. மென்றபடியே தலையசைத்தாள். "புள்ளயக் கொண்டா," என்றாள், தோட்டத்துத் தமிழில்.

சனிக்கிழமை பின்னேரம் வெயில் சாய்ந்த நேரத்தில் றோஸி நல்ல சேலை உடுத்து, டொமினிக்குக்கு ஞானஸ்நானச் சட்டை போட்டுத் தூக்கிவந்தாள். வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள்.

"என்ன மணம் அக்கா இது?"

"பழைய வீடுதானே," என்றாள் சரோஜினிதேவி. பொய் சொன்னபோது நாக்கில் கசந்தது.

மேசையில் பெரிய தாள் விரித்திருந்தது. சரோஜினிதேவி ஹென்றியின் பெயருக்குக் கீழே கோடு இழுத்து, றோஸியின் தாயின் பெயரை எழுதினாள். அதன் கீழ் றோஸி. அதன் கீழ் டொமினிக். றோஸி ஒவ்வொரு எழுத்தையும் உதடு அசையப் பார்த்தாள். கண்ணீர் வழிந்தது. அம்மாவின் பெயரை விரலால் தொட்டுப் பார்க்கக் குனிந்தாள்; அதற்காகப் பிள்ளையை ஒரு கணம் பக்கத்தில் நீட்டியிருந்த கைகளில் கொடுத்தாள். வயதான பெண். இரத்த உறவு. யாரும் கொடுத்திருப்பார்கள்.

மிஸ் வாட்லிங் மென்றுகொண்டிருந்தாள். பிள்ளையை மடியில் மல்லாத்தினாள். பிள்ளை சிரித்தது. கீழே இரண்டு பல் தெரிந்தது.

கிழவி தன் வாய்க்குள் விரலை விட்டாள்.

சரோஜினிதேவி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள், ஆனால் கை எழவில்லை. வெள்ளைக்காரக் கிழவியின் கையைத் தட்டிவிட அவள் பழகியிருக்கவில்லை. விரல் வெளியே வந்தது. அதில் சாம்பல் நிறக் கூழ், நூல் நூலாக எச்சில். விரல் பிள்ளையின் உதடுகளுக்கிடையில் போனது. நன்றாக உள்ளே. தொண்டை வரை.

"மிஸ் வாட்லிங்!" என்று கூவினாள் சரோஜினிதேவி.

றோஸி திரும்பினாள். கத்தவில்லை, பாய்ந்து பிள்ளையைப் பறித்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள், விரல் விட்டு வழித்தாள். வழிக்க ஒன்றும் இல்லை. டொமினிக் விழுங்கிவிட்டிருந்தான்.

"என்ன குடுத்தாங்க? அக்கா, என்ன குடுத்தாங்க இவனுக்கு?"

மிஸ் வாட்லிங்கின் தாடை நின்றிருந்தது. அவள் மெல்லாமல் இருந்ததைச் சரோஜினிதேவி அதுவரை கண்டதில்லை. அந்த முகம் முதல்முறையாக ஒரு சாதாரணக் கிழவியின் முகமாக இருந்தது.

"அப்பா எனக்கு இப்படித்தான் ஊட்டினார்," என்றாள் மெல்ல, ஆங்கிலத்தில். "ஹென்றிக்குத்தான் ஊட்டப் பார்த்தார். அவன் கப்பல் ஏறி ஓடிவந்துவிட்டான். வாட்லிங் இரத்தத்தில் இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் இந்தப் பசி போகும்." பெருமூச்சு விட்டாள். "ஆ. எவ்வளவு நிறைவாக இருக்கிறது."

"றோஸி, நீ வீட்ட போ," என்றாள் சரோஜினிதேவி. "போ. நான் வாறன்."

றோஸி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மிஸ் வாட்லிங் நாற்காலியில் சாய்ந்தாள். கண்கள் மூடவில்லை. கொஞ்சநேரத்தில் தலை சரிந்தது, வாய் திறந்தது. உள்ளேயிருந்து ஏதோ மெதுவாக வெளியே நகர்ந்து வந்து, நாடி வழியாக, கழுத்து வழியாக வழிந்து மடியில் விழுந்தது. பச்சை. ஈரமான, அரைபட்ட, நீள நீளமான புல். கட்டுக் கட்டாக. நிற்கவில்லை. மடி நிறைந்து தரையில் விழுந்தது. அந்தச் சிறிய உடம்புக்குள் அவ்வளவு இருக்க இடமே இல்லை.

சரோஜினிதேவி முற்றத்துக்கு ஓடினாள்.

மூலைக் கடைக்கு ஓடிப்போய், கிழவி செத்துப்போனதை ஸவாஹிர் நானாவிடம் சொன்னாள். அவர் ஆளனுப்பி டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்ததும் பொலிசுக்கும் ஆள் போனது. அவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லி முடிய நேரம் போய்விட்டது. தேவாலயத்தில் மாலை மணி அடித்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. அவள் ஒழுங்கைகளில் ஓடினாள். சேலை காலில் சிக்கியது. ஒரு செருப்பு எங்கோ போய்விட்டது.

றோஸியின் வீட்டில் விளக்கு இல்லை. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை.

"றோஸி?"

பிள்ளை அழும் சத்தம் இல்லை. அது நல்லதுதான் என்று நினைத்தாள். தூங்கியிருப்பான்.

பிறகு கேட்டது.

மெல்லும் சத்தம். சின்ன வாய். நிதானமாக. நிற்காமல்.

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே சவர்க்கார மணம் இல்லை. பால் மணம் இல்லை.

"அக்காவா?" இருட்டிலிருந்து றோஸியின் குரல் வந்தது. பதற்றமே இல்லாத குரல். நித்திரைக்குப் போகிறவளின் குரல். "சத்தம் போட வாணாம். இப்பதான் அழுகைய நிறுத்தினான். பால் முழுக்கக் குடிச்சிட்டான், அக்கா. பிறகும் கத்தினான். பாணை ஊறவச்சுக் குடுத்தன். சோறும் குடுத்தன். பாவம், பசி."

"றோஸி, பிள்ளையை என்னட்டத் தா."

"சூப்பட்டும் எண்டு விரலைக் குடுத்தன். அதுக்குப் பிறகு அழவே இல்ல."

சரோஜினிதேவி யன்னலைத் தள்ளித் திறந்தாள். தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

றோஸி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டொமினிக். ஞானஸ்நானச் சட்டை கழுத்திலிருந்து வயிறு வரை கறுப்பாக நனைந்திருந்தது. அவள் வலது கை அவன் முகத்தருகே இருந்தது. சுட்டுவிரல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அடுத்ததும் பாதிதான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள், தாய்மார் சிரிப்பதுபோல. நெற்றி மயிரை இடது கையால் கோதினாள். மோதிரவிரலை மெல்ல நீட்டினாள்.

பிள்ளை வாயிலிருந்ததை விழுங்கியது. சற்றுத் தாமதித்து, எங்கோ ஆழத்தில், அது விழுந்தது.

அவன் வாயைத் திறந்தான்.